பழைய டிராக்டருக்கு ஏன் இரைக்கிறது?

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால், கார் ஓட்டிப் பழகியவரின் வலது கால் எதையோ தேடித் துழாவும். கிளட்ச் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் பெடல் இல்லை. ஸ்டீயரிங் சக்கரத்துக்குக் கீழே ஒரு சின்ன லிவர் உண்டு. அதுதான் கை ஆக்ஸிலேட்டர். வேண்டிய இடத்தில் வைத்துவிட்டால், பிறகு அதைத் தொட வேண்டியதில்லை.

5 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி இது. எழுபது வயது தாண்டியும் பல வண்டிகள் புல் வெட்டிக்கொண்டும் விறகு இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லைகள் இரண்டு. வைத்த இடத்தில் லிவர் நிற்காமல் தானே இறங்கிவிடும். அல்லது நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமி, அடங்கி, மறுபடி உறுமி இரைக்கும். கார்புரேட்டரைக் கழற்றத் தோன்றும். அதற்கு முன் அந்த லிவர் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சாலையில் வேகம் நொடிக்கு நொடி மாறலாம். வயலில் அப்படியில்லை. இளகிய மண்ணிலும் இறுகிய மண்ணிலும் எஞ்சின் ஒரே சுழற்சியில் ஓட வேண்டும். புல்வெட்டியைச் சுழற்றும் பிடிஓ தண்டுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று என்று கணக்கே உண்டு. ஓட்டுபவரின் கண்ணோ உழவுசாலில் இருக்கிறது. வேகத்தைக் கவனிக்க எஞ்சினுக்குள் தனியாக ஒரு காவலாள் வேண்டும். அவர்தான் கவர்னர்.

நீராவி எஞ்சினுக்கு ஜேம்ஸ் வாட் 1788-இல் பொருத்திய சுழலும் குண்டுகளின் வாரிசு இது. 8என் எஞ்சினில் எஃகு உருண்டைகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விலகி ஒரு வளையத்தைத் தள்ளும். அந்த அசைவு ஒரு ராடு வழியாகக் கார்புரேட்டரில் உள்ள வட்டத் தகட்டை மூடும். எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதே தகட்டைத் திறக்க இழுக்கும். கை லிவர் கார்புரேட்டரை நேராகத் தொடுவதேயில்லை. இந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறது. உருண்டைகளின் தள்ளலும் ஸ்பிரிங்கின் இழுப்பும் சமமாகும் இடமே எஞ்சினின் வேகம்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். எஞ்சின் ஓடாதபோது லிவரை முழுக்க இழுத்தால் கார்புரேட்டர் தகடு அகலத் திறந்துகொள்ள வேண்டும். உருண்டைகள் சும்மா கிடக்க, ஸ்பிரிங்குக்கு எதிர்ப்பே இல்லையல்லவா? முழுக்கத் திறக்காவிட்டால் ராடின் நீளம் தவறு, அல்லது எங்கோ உராய்வு.

அப்படியானால் இரைப்பு எங்கிருந்து வருகிறது? ராடின் முனையில் இருக்கும் குண்டு மூட்டுகள் தேய்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஐந்து மூட்டு இருந்தால் இரண்டரை மில்லிமீட்டர். ராடின் மொத்த ஓட்டமே 25 மில்லிமீட்டர் என்றால் பத்தில் ஒரு பங்கு வீண் அசைவு. வேகம் குறைந்ததைக் கவர்னர் உணர்ந்து இழுக்கிறது. ஆனால் ஆட்டம் தீரும்வரை தகடு நகராது. நகரும்போது தேவைக்கு மேல் திறந்துவிடும். வேகம் எகிறும். உடனே மூடும் பக்கம் அதே தாமதம். நம் ஊர் ஜெனரேட்டர் மெக்கானிக்குகள் ‘ஹண்டிங்’ என்பது இதைத்தான். மின்காந்தவியலுக்குப் பேர்போன ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கவர்னர்களைப் பற்றி 1868-இல் எழுதிய கட்டுரையில், எந்த நிலையில் ஊசலாட்டம் தானாக அடங்கும், எந்த நிலையில் வளரும் என்று கணிதத்தால் ஆராய்ந்தார். இன்றைய கட்டுப்பாட்டுப் பொறியியலின் தொடக்கங்களில் ஒன்று அது.

சுழற்சி பாதியானால் உருண்டைகளின் தள்ளல் கால்பங்காகிவிடும். அதனால்தான் துருவும் உராய்வும் மெதுவாக ஓடும்போது முதலில் தலைகாட்டுகின்றன.

சரிசெய்வதை லிவரிலிருந்து தொடங்கி வரிசையாகப் போவது நல்லது. லிவரைக் கவர்னர் ஸ்பிரிங் எப்போதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினின் அதிர்வும் சேரும். அதைப் பிடித்து நிறுத்தும் பல்லோ உராய்வு வாஷரோ தேய்ந்தால் லிவர் இறங்கும். அவற்றை மாற்றினாலே முதல் தொல்லை தீரும். அடுத்து மூட்டுகள்: விரலால் அசைத்தாலே ஆட்டம் தெரியும். புதிய மூட்டு போட்டபின் ராடின் நீளத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதற்கென்று விற்பதையே வாங்க வேண்டும். கையில் கிடைத்ததை மாட்டினால் வேகக் கணக்கே மாறிவிடும்.

கடைசியில் கார்புரேட்டர். வட்டத் தகட்டைத் தாங்கும் தண்டு பல்லாண்டு திரும்பித் திரும்பி, துளையை முட்டை வடிவமாக்கியிருக்கும். அந்த இடுக்கு வழியே வடிகட்டாத காற்று நுழைந்து பெட்ரோல் கலவையை மெலிதாக்கும். தகடு ஏறக்குறைய மூடியிருக்கும் ஐட்லிங்கில் உறிஞ்சல் அதிகம் என்பதால் கோளாறும் அங்கேதான் அதிகம். தண்டு முனையில் ஒரு சொட்டு ஆயில் விட்டதும் எஞ்சின் ஓட்டம் மாறினால், கசிவு அங்கே இருக்கிறது. புதுத் தண்டு மட்டும் போட்டால் பயனில்லை. துளையை ரீமரால் வட்டமாக்கி, பித்தளை புஷ் இறக்கி, இரு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டின் திருகுகள் கழன்றால் எஞ்சினுக்குள் போய்விடும். அவற்றின் முனையை நசுக்கி விடுவது வழக்கம்.

ஒரு குறுக்குவழி மட்டும் கூடாது: கவர்னரை விட்டுவிட்டு கம்பியால் தகட்டைக் கட்டி வைப்பது. பாரம் சட்டென்று குறைந்தால் எஞ்சினை அடக்க ஆளிருக்காது. பின்னால் சுழலும் கத்தியும் அதே வேகத்தில் எகிறும்.

ஃபோர்டுடன் 1938-இல் கைகுலுக்கி இந்த டிராக்டர் வரிசைக்கு வித்திட்ட ஹாரி ஃபெர்குசனின் பெயர், பிறகு மாசி ஃபெர்குசன் ஆகி, சென்னையின் டாஃபே வழியாக நம் வயல்களுக்கும் வந்தது. நம் டீசல் டிராக்டரிலும் கை லிவர் இருக்கிறது. அங்கே கவர்னர் டீசல் பம்புக்குள் உட்கார்ந்து, காற்றுக்குப் பதில் டீசலின் அளவைத் திருத்துகிறது.

வேலை முடிந்ததும் சோதனை எளிது. லிவரைப் பாதியில் வைத்து, அடர்ந்த புல்லுக்குள் வண்டியை விடுங்கள். எஞ்சின் குரல் ஒரு கணம் தாழும், பிறகு ஒரே மூச்சில் பழைய சுருதிக்குத் திரும்பும். புல் முடிந்து வெறுந்தரை வரும்போதும் அதே சுருதி நின்றால், கையைத் துடைத்துக்கொள்ளலாம்.