மெட்டு நீங்கிய பேஸ்

பேஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதிந்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃபிரெட் என்பர். வீணையில் இதே வேலையைச் செய்யும் பித்தளைத் துண்டுகளுக்கு மெட்டு என்ற பெயர் நெடுங்காலமாக வழங்கிவருவதால் அச்சொல்லே இங்கும் பொருந்தும். விரல் எங்கே அழுத்தினாலும் கம்பி அடுத்துள்ள மெட்டின் முகட்டில்தான் படியும். சுருதியை அந்த முகடே முடிவு செய்வதால், விரல் சற்று விலகினாலும் சுரம் விலகுவதில்லை. 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் கிட்டாருக்குத் துல்லியம் எனப் பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயர் அமைந்தது இதனால்தான். ஆளுயர டபுள் பேஸின் வெற்றுக் கழுத்தில் காதை மட்டுமே நம்பிச் சுரம் தேடியவர்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதலைச் சிலர் விரைவிலேயே வேண்டாமென்றனர். 1961இல், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்வதற்கு முன், பில் வைமன் தம் மலிவான பேஸுக்குப் புதிய மெட்டுகள் பதிக்கும் எண்ணத்தோடு பழையவற்றைப் பிடுங்கினார்; பிறந்த ஒலி பிடித்துப்போகவே அப்படியே விட்டுவிட்டார். 1966இல் ஆம்பெக் நிறுவனம் மெட்டில்லாத பேஸையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் அந்த ஒலியை உலகமெங்கும் கொண்டுசேர்த்தவர் ஃபுளோரிடாக் கடற்கரையில் வளர்ந்த ஜேக்கோ பாஸ்டோரியஸே. மெட்டுகள் நீக்கி, பள்ளங்கள் அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸி பூசிய 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் அவர் வாசித்த இசை 1976இல் அவர் பெயரிலேயே இசைத்தட்டாக வந்தபின், பேஸ் என்பது பின்னணியில் தாளத்தோடு நிற்கும் கருவி என்ற எண்ணமே மாறிப்போயிற்று.

தமிழ்க் காதுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அசைந்தும் வழுக்கியும் செல்லும் கமகத்தை வீணை, மெழுகில் பதித்த 24 மெட்டுகளின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துப் பெறுகிறது. கோட்டுவாத்தியமோ மெட்டுகளை முழுவதுமாகத் துறந்து, கம்பியின் மேல் நழுவும் கட்டையால் பெறுகிறது. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் அந்தக் கருவியில் காட்டிய தெளிவு, மெட்டின்மை ஒரு குறையன்று என்பதற்குப் போதிய சான்று. பேஸின் ஒவ்வொரு கம்பியும் சுமார் 18 முதல் 20 கிலோ எடை தொங்குவதற்கு ஈடான விறைப்பில் நிற்பதால், அதை வீணைக் கம்பிபோல இரண்டு மூன்று சுரங்களுக்கு இழுப்பது நடவாத செயல். எனவே கமகத்தை விரும்பும் பேஸ் கலைஞருக்கு மெட்டைக் களைவதே இயல்பான வழி.

இந்த வேலையில் தேவைப்படுவது பலத்தைவிடப் பொறுமையே. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றியபின், பற்றவைப்புக் கருவியின் சூட்டை ஒவ்வொரு மெட்டின் மேலும் காட்டினால் உள்ளிருக்கும் பசை இளகும். தட்டையான வாயுள்ள குறட்டால் ஒரு முனையிலிருந்து சிறுகச் சிறுக உயர்த்த வேண்டும், மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் மரம் செதிள் செதிளாகப் பெயர்ந்துவிடும். மெட்டின் அடிப்பகுதி பள்ளத்தில் ஆப்புபோல இறுகி நின்று கழுத்தின் விறைப்புக்குத் துணை செய்து வந்ததால், அதை எடுத்ததும் கழுத்து கம்பிகளின் இழுப்புக்கு முன்புறமாக வளையத் தலைப்படும். ஆகவே பள்ளங்களை வெறுமையாக விடலாகாது. மெல்லிய மரச்சீவலைப் பசையிட்டுச் செருகிச் சமன்செய்து, பலகையின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். சீவல் வேறு நிறமாக இருந்தால் மெட்டிருந்த இடம் கோடாகத் தெரியும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. மெட்டின் உயரம் போய்விடுவதால், தலைப்புறத்தில் கம்பி அமரும் நட்டின் பள்ளங்களையும் அடிப்புறத்துப் பிரிட்ஜையும் அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும்.

கழுத்துப் பலகை ரோஸ்வுட்டாக இருந்து, கம்பிகள் வட்டச் சுற்றுடையவையாக இருந்தால், அவற்றின் வரிகள் மரத்தை அரம்போல அராவிவிடும். எபாக்ஸி பூச்சு இதைத் தடுப்பதோடு ஒலியைக் கூர்மையாக்கி நீட்டியும் தரும். தட்டைச் சுற்றுக் கம்பியைத் தேர்பவருக்குப் பூச்சு வேண்டியதில்லை, ஒலி மட்டும் சற்று இருண்டிருக்கும்.

வடக்கு அந்தமானின் திக்லிபூர் போன்ற ஊரில் இந்தப் பூச்சு தனிக் கவனம் கேட்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில் மரம் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் உப்பும். காய்ந்துகொண்டிருக்கும் எபாக்ஸி ஈரக்காற்றைச் சந்தித்தால் அதன் மேல் மெழுகுபோன்ற வெண்படலம் படியும். ஆகையால் மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களில், கழுத்தையும் செருகும் சீவலையும் ஒரே அறையில் சில வாரம் வைத்துப் பழக்கியபின் தொடங்குவது நல்லது. சீவலுக்குத் தீவிலேயே நல்ல மரம் உண்டு. யூனியன் பிரதேசத்தின் மாநில மரமான அந்தமான் படாக்கின் செந்நிறம் வெளிர் மேப்பிள் பலகையில் துலங்கித் தெரியும்.

கருவி தயாரானதும் வாசிப்பவரின் பழைய பழக்கம் குறுக்கே வரும். மெட்டு இருந்தபோது விரல் அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தியது. இப்போது கோட்டின் மேலேயே அழுத்த வேண்டும், இல்லையேல் சுருதி தாழ்ந்துவிடும். 864 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியில் முதல் அரைச்சுரம் நட்டிலிருந்து 48.5 மில்லிமீட்டரில் அமைய, 432 மில்லிமீட்டரில் மேல் ஸ்தாயி தொடங்கியதும் அடுத்த அரைச்சுரத்துக்கு அந்த 48.5 மில்லிமீட்டரில் பாதி இடமே உள்ளது. கீழே பொறுத்துக்கொள்ளத்தக்க 2 மில்லிமீட்டர் பிழை அங்கே இருமடங்காகக் காதில் குத்தும். தம்பூராவை மீட்டிவிட்டு, ஒரே கம்பியில் ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு மெதுவாக வழுக்கிச் சென்று, தம்பூராவின் ஒலியும் பேஸின் ஒலியும் கலந்து ஒன்றாகும் இடத்தில் விரலை நிறுத்திப் பழகுவதே இதற்குப் பயிற்சி.