நொடிக்கு 25 லிட்டர் காற்று

சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி வந்து வீட்டில் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று, கேம் ஓடும்போது 300 வாட் மின்சாரம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எவ்வளவு கணக்குப் போடுவதற்குச் செலவாகிறது, எவ்வளவு சூடாகப் போகிறது? அத்தனையும் சூடுதான். பெருக்கல், கழித்தல், திரையில் பறக்கும் கார் எல்லாமே மின்சாரம் போகிற போக்கில் செய்துவிட்டுப் போகும் காரியங்கள். கடைசியில் அது போய்ச் சேருவது வெப்பத்தில். மின்வாரிய மீட்டரைக் கேட்டால், மேசைக்கடியில் இருப்பது ஒரு 300 வாட் ஹீட்டர் என்றுதான் சொல்லும்.

அந்தச் சூடு பிறக்கும் இடம் மிகச் சிறியதாக இருப்பதுதான் சிக்கல். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் செயலிகளில் கணக்குப் போடும் சில்லு ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தளவு. முழு வேகத்தில் ஓடும்போது அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டுக்கு மேல் வெப்பம் கிளம்பும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸின் அடித்தகட்டில் அதே பரப்புக்கு வருவது ஏறக்குறைய 5 வாட். துணியைக் கருக்கும் தகட்டைவிட இருபது மடங்கு அடர்த்தி! ஆனாலும் அந்தச் சில்லு 95 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டும்போல் இருந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "புது சிஸ்டம், ஆனா அரை மணி நேரத்துல ஸ்லோ ஆயிடுது" என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1978இல் வந்த இன்டெல் 8086க்கு மேலே தகடும் இல்லை, ஃபேனும் இல்லை. 2004இல் பென்டியம் 4 வரிசையின் பிரெஸ்காட் சில்லு 100 வாட்டைக் கடந்தது. அதற்கடுத்து வரவேண்டிய டெஜாஸை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. வேகத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாமல், ஒரே செயலிக்குள் பல கோர்களை வைக்கும் வழிக்கு உலகம் திரும்பியதில் இந்தச் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

சில்லில் பிறந்த வெப்பம் காற்றைத் தொடுவதற்குள் பல கைகள் மாறுகிறது. முதல் கண்டம், செயலியின் மூடியும் அதன்மேல் உட்காரும் கூலரின் அடியும் சேருமிடம். இரண்டும் பார்க்க வழவழவென்று இருந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று தங்கும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் 400 என்றால் காற்றுக்கு வெறும் 0.026. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் இரண்டுக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் தடவுகிறோம். பேஸ்ட்டின் திறன் 5 முதல் 10 வரை இருக்கும். காற்றைவிட எவ்வளவோ மேல், செம்பின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆகவே அது பள்ளத்தை நிரப்பினால் போதும்; கேக்குக்குக் க்ரீம் பூசுவதாக நினைத்துக் குழாயைப் பிதுக்கிவிடுகிறவர்கள் தங்கள் கையாலேயே ஒரு தடுப்பை எழுப்புகிறார்கள்.

அடுத்த கட்டம்தான் எனக்கு இந்தப் பெட்டியிலேயே பிடித்த அதிசயம். கூலரின் அடியிலிருந்து மேலே வளைந்து போகும் செப்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கெட்டிக் கம்பிகள் அல்ல. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத் துளித் தண்ணீரை விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 40 டிகிரியிலேயே கொதிக்கும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே வெப்பத்தை அலுமினியத் தகடுகளிடம் கொடுத்துவிட்டு மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே திரி எண்ணெய் இழுப்பதுபோல் திரும்பி வரும். மோட்டாரும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த காக்லர் 1940களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963இல் லாஸ் அலாமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர், விண்கலங்களுக்கு உதவும் என்று தனியாக இதையே மீண்டும் உருவாக்கினார். இன்று அது மேசைக்கடியில் இருக்கிறது.

வாட்டர் கூலிங் போட்டவர்கள் காற்றிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். தண்ணீர் வெப்பத்தை ரேடியேட்டர்வரை சுமந்து போகிறது, அவ்வளவுதான். அங்கிருந்து அள்ளிக்கொண்டு போவது காற்றேதான்.

எவ்வளவு காற்று? ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1,200 ஜூல் வேண்டும். நம் 300 வாட் பெட்டிக்குள் நுழையும் காற்று வெளியேறும்போது 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு 25 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். நடுத்தரக் கேபினட் ஒன்றின் கொள்ளளவே 50 லிட்டர்தான். அதாவது இரண்டு நொடிக்கு ஒருமுறை பெட்டிக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் புதிதாக வேண்டும். சென்னையில் மே மாத மதியம் அறையே 35 டிகிரியில் இருந்தால் உள்ளே வருவதும் 35தான். எத்தனை ஃபேன் மாட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நம் வீடுகளில் உள்ள கம்ப்யூட்டர் டேபிளைப் பாருங்கள். சிபியு வைப்பதற்கென்றே மூன்று பக்கமும் பலகை அடித்து, பின்புறம் ஒயர் போக ஓட்டை மட்டும் விட்டிருப்பார்கள். பெட்டி ஊதித் தள்ளிய சூட்டுக்காற்று பின்பலகையில் முட்டி, முன்பக்கம் வந்து, மறுபடி உள்ளே போகிறது. இந்தப் பலகைக் கூண்டிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வைப்பது காசில்லாத வைத்தியம்.

கேபினட்டுக்குள் காற்றுக்கு ஒரு திசை வேண்டும். முன்னாலோ கீழேயோ நுழைந்து, மேலேயும் பின்னாலும் வெளியேறுவது வழக்கம். ஃபேனில் குறுக்குச் சட்டங்கள் தாங்கும் பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் காற்று வெளியேறும். இதைப் பார்க்காமல் மாட்டி, எல்லா ஃபேனும் வெளியே ஊதும் பெட்டிகள் உண்டு. அப்படிப்பட்ட பெட்டிக்குள் அழுத்தம் குறைந்து, கண்ட சந்திலிருந்தெல்லாம் காற்று தூசியோடு உள்ளே இழுக்கப்படும். உள்ளே தள்ளும் காற்று சற்று கூடுதலாக இருந்தால் சந்துகள் வழியாக வெளியேதான் போகும். தூசி முன்பக்க வலையில் நின்றுவிடும்.

இனி சத்தம். ஃபேனுக்கென்று சில கறாரான விதிகள் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். அதே ஃபேன் இன்னொன்றைப் பக்கத்தில் மாட்டினால் காற்று பழைய அளவுக்கு வந்துவிடும். சத்தமோ 3 டெசிபல்தான் கூடும். ஆக, ஒரு ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதைவிட இரண்டு ஃபேன் பாதி வேகத்தில் ஓடினால், கிட்டத்தட்ட அதே காற்றுக்கு 12 டெசிபல் மிச்சம். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். ஃபேன் கூடினால் இரைச்சல் கூடும் என்ற பயம் வேகத்தைக் குறைக்காதவர்களுக்குத்தான். 120 மில்லிமீட்டருக்குப் பதில் 140 போட இடமிருந்தால் இன்னும் நல்லது. ஒரு சுற்றுக்குச் சுமார் 1.6 மடங்கு காற்றைத் தள்ளும்.

சத்தத்தின் அளவைவிட அதன் குணம் முக்கியம். ஏழு இறக்கையுள்ள ஃபேன் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் ஒரே இடத்தை நொடிக்கு 140 இறக்கைகள் கடக்கும். அந்த இடத்தில் வலைக்கம்பியோ ஒயரோ குறுக்கிட்டால் 140 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம் எழும். பக்கத்து ஃபேன் 1,230இல் சுற்றினால் அதன் ரீங்காரம் 143.5 ஹெர்ட்ஸ், இரண்டும் கலந்து நொடிக்கு மூன்று நான்கு முறை ஏறி இறங்கும் விம்மலாகக் கேட்கும். சுருதி சேராத தம்புராத் தந்திகளில் கேட்பதும் இதே இயற்பியல். ஃபேன்களின் வேகத்தைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் விம்மல் போய்விடும். நான்கு முனை ஃபேனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்துடிப்பு நொடிக்கு 25,000 முறை அடிப்பது, மனிதக் காது 20,000க்கு மேல் கேட்காது என்பதால்தான். இந்தத் துறையின் பிடிவாதத்துக்கு இன்னொரு சாட்சி, ஆந்தையைச் சின்னமாகக் கொண்ட ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவா. அதன் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். சாதாரண பிளாஸ்டிக் சுழற்சியில் மெல்ல நீண்டு சட்டத்தில் உரசும் என்று, அதற்காகவே நீளாத பாலிமரில் வார்த்திருக்கிறார்கள்.

கேபிள்களைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அழகாக வரிந்து கட்டினால் சூடு மளமளவென்று குறையும் என்பது பழைய கதை. ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டைக் கேபிள்கள் ஹார்டு டிஸ்க்கிலிருந்து தோரணம்போல் தொங்கிய காலத்தில் அது நியாயம். 2003இல் வரத் தொடங்கிய சாட்டா கேபிள் அந்தத் தோரணத்தை அகற்றிவிட்டது. இன்று நீங்கள் மணிக்கணக்கில் மெனக்கெட்டால் பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் கிடைக்கும். ஆனாலும் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முன்பக்க ஃபேனுக்கு நேர் எதிரே, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர் கொத்து நிற்கக் கூடாது. இறக்கைக்கு அருகில் தளர்ந்த ஒயர் இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம்: கிராபிக்ஸ் கார்டின் இணைப்பு. புதிய 16 முனை இணைப்பு 12 வோல்ட்டில் 600 வாட் வரை தாங்கும். கணக்குப்படி 50 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பச் சூடு ஏறுவதால், இணைப்பு உருக அரைகுறையாகத் தொடும் ஒரு முனை போதும். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த இணைப்பு உருகியது. முழுதாகச் செருகாததே பொதுவான காரணம் என்றது என்விடியா. கேபிளை இழுத்து மடக்கி அழகு பார்ப்பதைவிட, கடைசிவரை அழுத்திச் செருகி, இணைப்பை ஒட்டி வளைக்காமல் விடுவது மேல்.

இன்னொரு வழி அதிகம் பேசப்படுவதில்லை: சூட்டையே உற்பத்தி செய்யாமல் இருப்பது. செயலி இழுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் 19 சதவீதச் செலவு குறையும். பயாஸில் வாட் வரம்பைக் குறைத்து வைக்கவும் வசதி உண்டு. கடைசி இரண்டு மூன்று சதவீத வேகத்துக்காகச் செயலி விழுங்கும் மின்சாரம்தான் மிக அதிகம் என்பதால் வேகத்தில் வித்தியாசம் கண்ணில் படாது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சிஸ்டம் மும்முரமாக ஓடும்போது பக்கக் கதவைக் கழற்றி வெப்பநிலையைப் பாருங்கள். பத்து டிகிரி சட்டென்று இறங்கினால் உங்கள் கூலர் நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குத்தான் மூச்சு முட்டுகிறது. அதற்காகக் கதவைத் திறந்தே வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிடாதீர்கள், இரண்டே மாதத்தில் தகடுகளுக்கிடையே தூசி அடைத்துக்கொள்ளும். முன்பக்க வலையை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ப்ளோயரால் ஊதும்போது மின்சாரத்தை நிறுத்தி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். இவ்வளவும் செய்த பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் மட்டும் புதுக் கூலருக்குக் காசு எடுத்துவையுங்கள்.