திரைநேரமும் மூளையும்

திரைநேரம் என்பது தொலைக்காட்சி, கணினி, செல்பேசி முதலியவற்றின் திரைகளைப் பார்ப்பதில் ஒருவர் செலவிடும் கால அளவைக் குறிக்கும். திரையைப் பார்ப்பதே மூளைத் திசுவை அழிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. எனினும் உறக்கக் குறைவு, மழலைப் பருவத்தில் உரையாடல் குறைதல், கட்டுப்பாடற்ற பயன்பாடு ஆகியவற்றின் வழியாகத் தீங்கு நேரக்கூடும்.

இந்தியாவில்

பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்), தொழில்நுட்பத்தின் மிகைப் பயன்பாட்டால் பாதிக்கப்பட்டோருக்கென 2014-இல் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சி, செல்பேசி ஆகியவற்றின் வழியாகப் பாடங்கள் நடத்தப்பட்டன. திரையைத் தவிர்ப்பது மட்டுமே தீர்வாகாது என்பதை இது காட்டியது.

அறியப்பட்ட விளைவுகள்

உறக்கம்: விழித்திரையிலுள்ள சில நரம்பணுக்கள் நீல ஒளியை உணர்ந்து, உறக்கத்திற்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கின்றன. இரவில் திரையின் ஒளியும், பார்க்கும் ஆர்வமும் உறக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. கற்றதை நினைவில் நிலைநிறுத்த உறக்கம் தேவை என்பதால் இது மாணவர்களுக்கு முதன்மையானது.

வலிப்பு: ஒளி தூண்டும் வலிப்புநோய் உடைய சிலருக்கு விரைந்து மின்னும் படங்கள் வலிப்பை உண்டாக்கும். 1997 டிசம்பரில் சப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியைப் பார்த்த நூற்றுக்கணக்கான சிறுவர்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

விளையாட்டுக் கோளாறு: உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இக்கோளாறு இடம்பெற்றது. விளையாடும் நேரம் மட்டுமே இதற்கு அளவுகோல் அன்று. கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளைப் புறக்கணித்தல், தீங்கு தெரிந்தும் தொடர்தல் ஆகியவையே அடையாளங்கள்.

உறுதிப்படாத கருத்துகள்

செருமானிய மனநல மருத்துவர் மான்ஃபிரட் சுபிட்சர் 2012-இல் வெளியிட்ட நூலால் "டிஜிட்டல் மறதிநோய்" என்னும் சொல் பரவியது. இது ஏற்கப்பட்ட நோயன்று. 50 வயதுக்கு மேற்பட்டோர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான கட்டுரை, தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவோரிடம் அறிதிறன் குறைபாடு குறைவாகவே காணப்படுவதாகக் கூறியது.

செல்பேசியின் கதிரலை, திரையினின்று வேறானது. இதனைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் "புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்புள்ளது" என வகைப்படுத்தியது. உலக சுகாதார அமைப்பின் வேண்டுகோளின்படி செய்யப்பட்டு 2024-இல் வெளியான மீளாய்வு, செல்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

ஆய்வுகளின் வரம்பு

பெரும்பாலான ஆய்வுகள் தொடர்பை மட்டுமே காட்டுகின்றன, காரணத்தை நிறுவுவதில்லை. திரையால் மனச்சோர்வு வரலாம்; மனச்சோர்வுற்றவர் திரையை நாடவும் கூடும். 3.5 லட்சத்திற்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அவர்களின் மனநலனில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டையே தொழில்நுட்பப் பயன்பாட்டுடன் தொடர்புபடுத்தியது. இது சராசரியே, தனியொருவருக்கு ஏற்படும் பாதிப்பு மிகுதியாகவும் இருக்கலாம்.

பரிந்துரைகள்

உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரைநேரம் பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேற்படலாகாது. குழந்தை பிறருடன் பேசி மொழி கற்கும் நேரத்தையும், ஓடியாடும் நேரத்தையும், உறங்கும் நேரத்தையும் திரை எடுத்துக்கொள்ளாமல் காப்பதே இவ்வரம்பின் நோக்கமாகும்.