காஞ்சிப் பட்டும் ரேடியோச் சீட்டும்

கலியாண மாதங்களில் பாலவாக்கம், திருவான்மியூர் முதலிய இடங்களிலிருந்து தியாகராயநகருக்குப் பட்டு எடுக்கச் செல்லும் குடும்பங்கள் பல. பெரிய ஜவுளிக்கடைகளின் வாசலில் இருபுறமும் நிற்கும் காவல் தூண்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். பணம் செலுத்தாத சரக்கு அவற்றின் நடுவே சென்றால் அவை கூக்குரலிடும். வியாபாரி தம் பொருளைக் காத்துக்கொள்வது நியாயமே. ஆனால், அதே வாசல் வழியாகப் போலிப் பட்டு வெளியேறினால் கூக்குரலிடும் தூண் எங்கே? விலை கொடுத்தவரையும் தறியில் உழைத்தவரையும் காப்பது எது? இதுவே நாம் இன்று ஆலோசிக்க விரும்பும் விஷயம்.

இச்சாதனத்தின் தத்துவம் எளிது. சீட்டுக்குள் நுண்ணிய சில்லு ஒன்றும், மெல்லிய உலோக ஆன்டெனாவும் உண்டு. பெரும்பாலான சீட்டுகளில் மின்கலம் இல்லை. வாசிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி பெற்று, தம்மிடம் பதிந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும். பிரதிபலிக்கும் அலையின் மூலம் செய்தி அனுப்பும் முறையைப் பற்றி ஹாரி ஸ்டாக்மன் என்பவர் 1948இல் எழுதினார். 1960களில் அமெரிக்கக் கடைகளில் புகுந்த களவுத்தடுப்புச் சீட்டுகள் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று மட்டுமே சொல்லவல்லவை. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் அளிக்கும் ஆர்.எப்.ஐ.டி. முறையை, 1999இல் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்த ஆட்டோ-ஐ.டி. நிலையம் வளர்த்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் இந்தியரான சஞ்சய் சர்மா. நம் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாகிய பாஸ்டாக் வில்லையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இனிப் பட்டின் நிலையைப் பார்ப்போம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதிக்கப்பட்டன. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. இத்தனை அரண்கள் இருந்தும், விசைத்தறியில் நெய்த சேலையும், வெள்ளிக்குப் பதிலாகச் செம்போ பிளாஸ்டிக் இழையோ கலந்த சரிகையும் காஞ்சியின் பெயரால் விலைபோகின்றன. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை வேலைக்கு நாட்கணக்கான உழைப்பு வேண்டும். போலியோடு விலையில் போட்டியிட நேரும் நெசவாளி கூலியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் தறியை விட்டு இறங்க வேண்டும். தறிகள் ஓய்ந்தபின் சட்டம் எதைக் காக்கப் போகிறது?

இப்போதுள்ள முத்திரைகள் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. 2004இல் மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் வந்த சில்க் மார்க், நூல் அசல் பட்டு என்று உறுதி கூறும். எந்த ஊரில் நெய்தது என்று கூறாது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்று கூறும். சரிகையின் தரத்தைக் கூறாது. மேலும், அச்சிட்ட சதுரக் குறி ஒன்றை நகலெடுத்து நூறு சேலைகளில் ஒட்டுவது கடினமன்று. ரகசியச் சாவி பொதிந்த சில்லோ, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் புதியதொரு விடை அளிக்கும். பழைய விடையை நகலெடுத்தவனுக்குப் பயன் கிட்டாது.

ஆயினும் சில்லு மந்திரக்கோல் அன்று. கடைக்காரர் தம் கிடங்கில் ஒட்டும் சீட்டு, அது அவருடைய சரக்கு என்பதற்கு மட்டுமே சாட்சி. சரக்கு நயமானது என்பதற்கு அது சாட்சியாகாது. அன்றியும், தூரத்திலிருந்து எண்ணிக்கை எடுக்கும் கடைச் சீட்டைச் சாதாரணக் கைபேசியால் படிக்க முடியாது. ஓரிரு அங்குல தூரத்தில் மட்டும் பேசும் என்.எப்.சி. சீட்டையே வாங்குவோர் தம் கைபேசியால் பரிசோதிக்கலாம்.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. சீட்டு கடையில் அன்று, தறியண்டையில் பிறக்க வேண்டும். சேலை அறுத்து இறக்கப்பட்டவுடன், பட்டையும் சரிகையையும் சோதித்து, கூட்டுறவுச் சங்கமே அதைப் பொருத்த வேண்டும். பிரித்தெடுத்தால் பழுதாகும்படி அது துணியோடு தைக்கப்பட வேண்டும். தொங்கவிட்ட சீட்டு ஒரு சேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். செலவை நெசவாளியின் கூலியில் பிடிக்கலாகாது. சர்க்காரும் விற்பனையாளரும் ஏற்க வேண்டும். வாங்கியவரை எவரும் தூரத்திலிருந்து பின்தொடர இடமளிக்கவும் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. கடைச் சீட்டை விற்பனையின்போதே செயலிழக்கச் செய்துவிடலாம்.

இஃது ஆகாத காரியம் என்பார்க்குத் தங்கம் விடை கூறும். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகள் ஆறு எழுத்தும் இலக்கமும் கொண்ட தனி அடையாளத்தோடுதான் விற்கப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வாங்குவோர் கைபேசியிலேயே அதைச் சரிபார்க்கலாம். நகைக்கு இயன்றது புடவைக்கு இயலாதா? யோக்கியமான வியாபாரிகளுக்கு இதனால் நஷ்டமில்லை. அவர்களுடைய நாணயமே ஓங்கும். நெசவாளர் சங்கங்களும் சர்க்காரும் முன்வர வேண்டும். வாங்குவோரும், ‘இது எந்தத் தறியில் நெய்தது?’ என்று கேட்கப் பழக வேண்டும். கேட்பார் இல்லாத இடத்தில் எந்தச் சீட்டும் வாய் திறவாது.