நீண்ட பயணம் – 9: தலைக்கு ஏறும் ரத்தம்

எடையற்ற நிலையில் எலும்பும் தசையும் என்ன ஆகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறைகிறது. அதைத் தடுக்கத்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரத்தை உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். அந்தப் போராட்டத்தில் மருத்துவம் பெருமளவு ஜெயித்துவிட்டது. இந்த வாரம் சொல்லப்போவது எந்த உடற்பயிற்சிக்கும் கட்டுப்படாத ஒன்றைப் பற்றி.

முதலில் அந்த வெற்றியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970 ஜூன் மாதம் சோவியத் வீரர்கள் ஆண்ட்ரியான் நிக்கோலயெவும் விட்டாலி செவஸ்தியானவும் சோயூஸ் 9 கலத்தில் கிட்டத்தட்ட 18 நாட்கள் பூமியைச் சுற்றிவிட்டு இறங்கினார்கள். அதற்கு முன் யாரும் அத்தனை நாள் மேலே இருந்ததில்லை. இறங்கியவர்களால் எழுந்து நிற்க முடியவில்லை. தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். சல்யூட் நிலையங்களுக்கு நடைப்பயிற்சி எந்திரமும், உடலைச் சதா இழுத்துக்கொண்டே இருக்கும் ரப்பர் பட்டைகள் தைத்த 'பெங்குவின்' உடையும் போனது இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

கால் நூற்றாண்டு கழித்து, 1995 மார்ச் 22 அன்று, வலேரி பொல்யாகோவ் கஜகஸ்தானில் இறங்கினார். அவர் மருத்துவர். மிர் நிலையத்துக்கு அவர் கிளம்பியது 1994 ஜனவரி 8. ஒரே மூச்சில் 437 நாட்கள் மேலே இருந்திருக்கிறார். இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. செவ்வாய்க்குப் போகும் காலத்தை மனித உடல் தாங்கும் என்று தன் உடம்பைக் கொண்டே நிரூபிப்பதுதான் அவருடைய நோக்கம். கலத்திலிருந்து வெளியே வந்தவர், தன்னைத் தூக்கிக்கொண்டு போக விடாமல், பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிக்குத் தன் காலாலேயே நடந்து போய் உட்கார்ந்தார்.

விண்வெளி மருத்துவத்தின் வரலாற்றில் அந்தச் சில அடிகளைவிடத் துணிச்சலான நடை வேறு இல்லை என்பேன். ஆனால் அந்த நடை நம் கவனத்தைக் காலிலேயே கட்டிப்போட்டுவிட்டது என்பதும் என் எண்ணம். கால் நடந்தது, இதயம் தாங்கியது, ஆகவே மனிதன் போகலாம் என்று கணக்கு முடிந்துவிட்டதுபோல் தோன்றியது. பிரச்சினை கழுத்துக்கு மேலே இருந்தது.

நாம் நிற்கும்போது உடம்பின் நீர் கீழ்நோக்கி இறங்கப் பார்க்கிறது. அதை மேலே ஏற்றுவதற்கென்றே காலின் சிரைகளில் வால்வுகள் இருக்கின்றன, தசைகள் பிழிகின்றன, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. ஈர்ப்பு காணாமல் போனாலும் இந்த ஏற்பாடு சும்மா இருப்பதில்லை. மேலே போன சில மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டர் வரை நீர் கால்களை விட்டு மார்புக்கும் தலைக்கும் நகர்ந்துவிடுகிறது. முகம் உப்புகிறது. கழுத்து நரம்புகள் புடைக்கின்றன. கால்கள் மெலிந்து குச்சியாகின்றன. மூக்கடைத்துச் சாப்பாட்டின் ருசி மங்கிவிடுவதால், காரமான சாஸுக்கு விண்வெளி நிலையத்தில் எப்போதும் கிராக்கி உண்டு. கட்டிலில் படுத்துத் தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தலைக்குள் கனக்கும் அந்த உணர்வுதான். நாம் உடனே எழுந்துவிடலாம். அவர்களுக்கு ஆறு மாதம் வரை எழுந்திருக்கும் வழியே இல்லை.

இவ்வளவும் வெகு காலமாகத் தெரிந்ததுதான். உடம்பு பழகிக்கொள்கிறது, அதிகப்படியான நீரைக் கழித்துவிடுகிறது, மூக்கடைப்பும் குறைகிறது என்பதால் இதை ஒரு தற்காலிக அசௌகரியமாகவே நினைத்தார்கள். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்த பிறகு அந்த நினைப்பு மாறியது.

மூளையிலிருந்து ரத்தம் இறங்கி வரும் முக்கியப் பாதை உள் கழுத்துச் சிரை. 11 விண்வெளி வீரர்களுக்கு அந்தச் சிரையைப் பரிசோதித்த முடிவுகள் 2019 நவம்பரில் வெளியாயின. பயணத்தின் 50ஆம் நாளை ஒட்டி எடுத்த படங்களில், ஆறு பேருக்கு அங்கே ரத்தம் அசையாமல் தேங்கியிருந்தது அல்லது வந்த வழியே திரும்பி ஓடியது. தேங்கும் ரத்தம் உறையும். ஒருவருக்கு உறைந்தே இருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, தலைவலிகூட இல்லை. ஆராய்ச்சிக்காகப் படம் எடுத்ததால் மட்டுமே அந்த ரத்தக்கட்டி கண்ணில் பட்டது. அவர் மேலே போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் நான்கு மாதம் பாக்கி.

அவர் யார் என்பதை நாசா வெளியிடவில்லை; தேவையும் இல்லை. நடந்ததைப் பார்ப்போம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ரத்த உறைவு நிபுணர் ஸ்டீபன் மோலிடம் நாசா ஆலோசனை கேட்டது. கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால், அடிபடும்போது ரத்தம் நிற்காது. விண்வெளி நிலையத்தில் அறுவை சிகிச்சை செய்ய ஆளும் இல்லை, வசதியும் இல்லை. இரண்டையும் எடைபோட்டு மருந்து கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். நிலையத்தின் மருந்துப் பெட்டியில் ஈனாக்ஸபரின் ஊசி மருந்து 20 குப்பிகள் இருந்தன. அந்த மருந்தையும் இருந்த சிரிஞ்சுகளையும் சிக்கனப்படுத்தியாக வேண்டும். ஒரு மாதம் ஆனதும் அளவைக் குறைத்தார்கள். அடுத்த சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேரும்வரை சுமார் 40 நாட்கள் அந்தக் கையிருப்பிலேயே ஓட்டினார்கள்.

குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சுவதே அங்கே பெரிய வேலை. கீழே நாம் குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் மருந்து வாய்ப்பக்கம் இறங்கும், காற்று மேலே போகும். மேலே அப்படி எதுவும் பிரிவதில்லை. மருந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், காற்றுக்குமிழி நடுவில் நிற்கும். பரப்பு இழுவிசையோடு மல்லுக்கட்டித்தான் ஒவ்வொரு வேளை மருந்தையும் எடுத்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் பரிசோதனையையும் நோயாளியே தன் கழுத்தில் கருவியை வைத்துச் செய்துகொண்டார். எங்கே வைக்க வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும் என்று தரையிலிருந்து கதிரியக்க மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஒரு நாள் மோல் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவருடைய மனைவி எடுத்தார். அழைத்தவர் நோயாளி, விண்வெளியிலிருந்து.

சிகிச்சையில் கட்டி சிறுத்தது. ஆனால் 90 நாட்களுக்குப் பிறகும் அந்தச் சிரையில் ரத்தம் தானாக ஓடவில்லை. இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு மருந்தை நிறுத்தினார்கள். தரைக்கு வந்ததும் பார்த்தால், மிச்சமிருந்த கட்டி சிரையின் சுவரோடு அப்பிக் கிடந்தது. 10 நாளில் அதுவும் காணாமல் போனது. மூன்று மாத மருந்தால் முடியாததைப் பூமியின் ஈர்ப்பு சில நாட்களில் முடித்துவிட்டது. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்த இடம்தான்.

அடுத்து கண். 2005இல் ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் இருந்த ஜான் ஃபிலிப்ஸுக்கு, ஜன்னல் வழியே தெரிந்த பூமி வரவரக் கலங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. 2009இல் அங்கே மருத்துவர்கள் இருவர் ஒன்றாக இருந்தார்கள்: அமெரிக்கர் மைக்கேல் பாரட், கனடாவைச் சேர்ந்த ராபர்ட் தர்ஸ்க். இருவருக்குமே பார்வையில் மாற்றம் தெரியவே, ஒருவர் கண்ணை ஒருவர் பரிசோதித்துக்கொண்டார்கள். பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில் வீக்கத்துக்கான அறிகுறி இருந்தது. 2011இல் ஏழு வீரர்களின் கண்களைப் பற்றிய ஆய்வறிக்கை வந்தபோதுதான் விஷயம் எவ்வளவு பெரியது என்று வெளியுலகுக்குத் தெரிந்தது. ஐந்து பேருக்கு நரம்பு முகப்பில் வீக்கம். ஐந்து பேருக்கு விழிக்கோளத்தின் பின்பக்கம் தட்டையாகியிருந்தது. பின்சுவர் தட்டையானால் விழித்திரை முன்னுக்கு வந்துவிடும், கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். அதே ஆய்வில் சுமார் 300 வீரர்களிடம் கேட்டபோது, குறுகிய பயணம் போனவர்களில் 29 சதவீதம் பேரும் நீண்ட பயணம் போனவர்களில் 60 சதவீதம் பேரும் பார்வை குறைந்ததாகச் சொல்லியிருந்தார்கள். சிலருக்கு அந்த மாற்றம் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகியும் முழுதாகச் சரியாகவில்லை.

மண்டைக்குள் அழுத்தம் ஏறுவதுதான் காரணம் என்று முதலில் எல்லோரும் நம்பினார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் அளந்து பார்ப்பது எப்படி? ஆரோக்கியமான ஒருவரின் மண்டையில் துளையிட யார் சம்மதிப்பார்கள்? டாலஸ் நகரின் பெஞ்சமின் லெவைன் குழு ஒரு வழி கண்டுபிடித்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக, மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் மருந்து செலுத்தும் சிறு குழாய்வாயைத் தலைத்தோலுக்கு அடியில் பதித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நோயிலிருந்து மீண்ட பிறகும் அது அப்படியே இருக்கும். அவர்களில் சிலர் முன்வந்தார்கள். ஏறி ஏறி இறங்கி ஒவ்வொரு முறையும் 20 வினாடிக்கு மேல் எடையற்ற நிலையைத் தரும் விமானத்தில் அவர்களை ஏற்றி, அந்தக் குழாய்வாய் வழியே அழுத்தத்தை அளந்தார்கள். மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள், இன்னும் பிறக்காத செவ்வாய்ப் பயணிகளின் கண்ணுக்காக அந்த விமானத்தில் ஏறியிருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2017இல் வெளிவந்த முடிவு யாரும் எதிர்பாராதது. எடையற்ற நிலையில் மூளை அழுத்தம் எகிறவில்லை. படுத்திருக்கும்போது இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவும், உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிட அதிகமாகவும் இருந்தது. அதாவது அபாய அளவு எதையும் தொடவில்லை. பூமியில் நாம் இரவெல்லாம் படுத்துக் கிடந்தாலும் காலையில் எழுந்து நிற்கிறோம். நின்றதும் மூளையின் அழுத்தம் சட்டென இறங்குகிறது, நாளில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மூளையும் கண்ணும் இளைப்பாறுகின்றன. அங்கே அந்த இறக்கமே வருவதில்லை. லேசான அழுத்தம்தான், ஆனால் இரவும் பகலும் ஓயாமல் விழிக்கோளத்தின் பின்புறத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறது.

நோயின் தன்மை இப்படித் தெளிவானதும் மருந்தும் அந்தத் திசையிலேயே கிடைத்தது. நாள் முழுக்க ஈர்ப்பைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியதில்லை, தினமும் சில மணி நேரம் தலைக்கு ஓய்வு கிடைத்தால் போதும். இடுப்பிலிருந்து கீழே காற்றை உறிஞ்சி ரத்தத்தைக் காலுக்கு இழுக்கும் 'சிபிஸ்' கால்சட்டையை, தரையிறங்கும் முன் இதயத்தைப் பழக்குவதற்காக ரஷ்யர்கள் பல பத்தாண்டுகளாகவே பயன்படுத்தி வருகிறார்கள். லெவைன் குழு அதே தத்துவத்தில் ஒரு தூக்கப் பை செய்தது. தன்னார்வலர்கள் 10 பேரை மூன்று நாள் படுக்கையிலேயே வைத்து, இரவு எட்டு மணி நேரம் மட்டும் இடுப்புக்குக் கீழே அதை மாட்டித் தூங்க வைத்தார்கள். பை இல்லாமல் படுத்திருந்தபோது விழிக்குள் ரத்தம் தேங்கி உண்டான மாற்றம், பையோடு தூங்கியபோது குறைந்தது. 2021 டிசம்பரில் இது வெளியானது. மூன்று நாள் சோதனை மூன்றாண்டுப் பயணத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்றாலும், இந்த ஆராய்ச்சி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறது என்று நம்புகிறேன்.

செவ்வாய்க்குப் போய்த் திரும்பக் கிட்டத்தட்ட மூன்றாண்டு ஆகும். கழுத்துச் சிரையில் கட்டி அங்கே போகும் வழியில் உண்டானால், மாத்திரை கொண்டுவரச் சரக்குக் கலம் கிடையாது. மருத்துவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசவும் முடியாது. செவ்வாய் தூரத்தில் இருக்கும் காலத்தில் ஒரு சொல் பூமிக்கு வந்து சேர 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், பதில் போய்ச்சேர இன்னொரு 20 நிமிடம். இறங்குகிற இடத்தில் தூக்கிக்கொண்டு போக யாரும் காத்திருக்க மாட்டார்கள். கலத்தை இறக்குபவருக்குக் கிட்டத்து எழுத்து மங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. ககன்யான் திட்டமிட்டிருப்பது மூன்று நாள் பயணம். அதற்கு இந்தக் கவலைகள் அநேகமாகப் பொருந்தாது. ஆனால் 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்களுக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டும் விழித்திரைப் படக்கருவியும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக என்றில்லாமல், மாதம் தவறாத பரிசோதனையாக. அமெரிக்காவும் ரஷ்யாவும் இதைக் கற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின. நாம் அந்தப் பாடத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் கதிர்வீச்சு. க்யூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் தன்மேல் விழுந்த கதிர்வீச்சை அளந்துகொண்டே போனது: சராசரியாக ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவர்ட். அந்த எண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)