மாடி மேலே கத்திரிக்காய்!

நம் மொட்டை மாடியில் வடாம் காயும். மிஞ்சிப்போனால் தொட்டியில் நாலு தக்காளி. கனடாவின் மான்ட்ரியலில் லூஃபா ஃபார்ம்ஸ் கம்பெனி அதையே பெரிய வியாபாரமாக்கிவிட்டது, ஸார்!

2011-ல் ஒரு கட்டடத்தின் கூரைமேல் கண்ணாடிக் குடில் போட்டு ஆரம்பித்தார்கள். 2020-ல் திறந்த நாலாவது குடில் 1,60,000 சதுர அடிக்கு மேல். பழைய ஸியர்ஸ் கிடங்கின் தலையில் தக்காளியும் கத்திரிக்காயும்! மண் கிடையாது, சத்துக் கலந்த தண்ணீர்தான். அசுவினிப் பூச்சி வந்தால் பொறிவண்டுகளை ஏவிவிடுகிறார்கள். சம்பளமில்லாத ஆட்கள்! சாப்பாடும் அங்கேயே.

பனி கொட்டுகிற ஊரில் இது எப்படிக் கட்டுப்படியாகும் என்கிறீர்களா? கீழ்த்தளங்களின் சூடு மேலே வந்து கைகொடுக்கிறது. கூரையில் உருகும் பனியையும் பிடித்துப் பாய்ச்சுகிறார்கள். முக்கியமாக, சூரியன் இருக்கிறானே!

அமெரிக்காவில் நாலு சுவருக்குள் விளக்கை மட்டுமே நம்பிக் கீரை வளர்த்த கம்பெனிகளின் கதி? ஏரோஃபார்ம்ஸ் 2023-ல் திவால் மனு போட்டது. அப்புறம் ஒருவழியாக எழுந்தது. பவரி 2024-ல் கடையையே மூடிவிட்டது. சூரியன் ஓசியில் பார்க்கிற வேலைக்குக் கரண்ட் பில் கட்டினால் கீரையை என்ன விலைக்கு விற்பது? எனக்கே புரிகிற கணக்கு இது!

லூஃபாவில் தரகர் தொல்லையும் கம்மி. வேண்டியதை இன்டர்நெட்டில் குறித்துவிட்டால், வாராவாரம் பேட்டைக்கே கூடை வந்துவிடும். கத்திரிக்காய் உள்பட.