தட்டெழுத்து நம் பிள்ளைகளுக்கும் வரும்

முன்பெல்லாம் தோட்டத்து ஆபீசில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், கிராணியார் ஏதோ முக்கியமான கடுதாசி அடிக்கிறார் என்று பொருள். பால்வெட்டிவிட்டு வரும் நமக்கு அந்த மெஷினைத் தொடும் உரிமை ஏது? சன்னலுக்கு வெளியே நின்று சம்பளம் வாங்கியதோடு சரி. ஆனால் தட்டெழுத்து தெரிந்தவனுக்கு வெயில், மழை இல்லாத வேலை உண்டு என்பதை மட்டும் நாம் நன்றாகப் பார்த்து வைத்திருந்தோம். 1970களில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, பெண்பிள்ளைகளைப் பஸ் ஏற்றி சிரம்பானுக்கு டைப்பிங் படிக்க அனுப்பிய பெற்றோர் நம்மிடையே உண்டு.

மெஷின் போய்விட்டது. விசைப்பலகை போகவில்லை. செனவாங், நீலாய் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாலும், கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்தாலும் முன்னால் அதுதான் இருக்கிறது.

"எங்க பையன் போன்ல பறக்கிறானே, அவனுக்கா டைப்பிங் தெரியாது?" என்று கேட்கும் தாய்மார்களே, பெருவிரல் ஓட்டம் வேறு, பத்து விரல் ஓட்டம் வேறு. போனில் பறக்கும் பிள்ளையைக் கணினி முன் உட்கார வைத்துப் பாருங்கள். கோழி தீனி கொத்துகிற மாதிரி இரண்டு விரலால் கொத்தும்.

சோதிப்பதற்கு நமக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இரண்டே விஷயத்தைக் கவனியுங்கள். பிள்ளையின் தலை அடிக்கடி கீழே குனிகிறதா? சுண்டுவிரல் வேலை செய்கிறதா, சும்மா தூக்கிக்கொண்டு நிற்கிறதா? எஃப், ஜே எழுத்துகளில் சிறு மேடு தட்டுப்படும். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அங்கேதான் குடியிருக்க வேண்டும். கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அடிக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் அழுகை வரும். விட்டுவிடாதீர்கள். தினம் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் விரலுக்குப் பழக்கம் வராது.

வேகக் கணக்கு ரொம்ப சுலபம். இடைவெளியையும் சேர்த்து ஐந்து தட்டு ஒரு சொல். பிள்ளை 5 நிமிடத்தில் 600 தட்டு அடித்தால் 120 சொல், நிமிடத்துக்கு 24. ஆறு தப்பு இருந்தால் 120-இல் ஆறைக் கழியுங்கள், 23-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். தமிழ்நாட்டு அரசாங்கப் பரீட்சையில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. அதையே நாமும் அளவாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேகத்துக்காக விரட்டாதீர்கள். தப்பு குறைந்தால் வேகம் தானாக வரும். தப்போடு வந்த வேகத்தைத் திருத்துவது பெரும்பாடு.

தமிழிலும் அடிக்கப் பழக்குங்கள். "அம்மா சாப்பிட்டாச்சா" என்பதை ஆங்கில எழுத்தில் அனுப்புகிறார்களே, அது நமக்குத் தலைகுனிவு. ஏனென்றால் தமிழ்த் தட்டெழுத்துக்கு இந்த மண்ணிலிருந்துதான் வழி பிறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையாதான் தமிழ் மெஷினுக்கு விசைப்பலகை வகுத்து, ஜெர்மனியில் செய்ய வைத்தார். கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதில் உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்யெழுத்து பெரும்பாலும் வலக்கைப் பக்கம். பழைய மெஷினில் 'கொ' என்றால் மூன்று தட்டு. இதில் க, ஒ என்று இரண்டு தட்டு. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. புள்ளி தானாக விழும். தமிழ்ப்பள்ளியில் எழுத்து படித்த பிள்ளைக்கு இது ஒன்றும் புதுசில்லை.

கணினி வாங்க வசதியில்லையே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மலிவான விசைப்பலகை ஒன்றை, ஓ.டி.ஜி. என்று கேட்டு வாங்கும் சின்ன ஒயர் வழியாகப் பெரும்பாலான போன்களில் மாட்டலாம். வாங்குமுன் போனைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். பிறகு பழைய நோட்டு ஒன்றில் தேதி, தட்டு, தப்பு என்று மூன்று கோடு போட்டு, வாரம் ஒருமுறை பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.